மறுநடவுக் கன்றைப் பன்றி தின்னுது: எந்தத் தோட்டா, எங்கே குறி?

லாசா ரோடு பையன்:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா போற பாதையில எங்கப்பாவுக்கு ஆறு ஏக்கர் செம்பனை. பழைய மரத்தையெல்லாம் சாய்ச்சு மறுநடவு பண்ணி இன்னும் ஒரு வருஷம் ஆகல. காட்டுப்பன்றி ராத்திரி வந்து கன்னை வேரோட புரட்டி, குருத்தை மட்டும் தின்னுட்டு மட்டையை அங்கேயே போட்டுட்டுப் போயிடுது. காலையில போய்ப் பார்த்தா ஒரு வரிசையே காலி. அப்பா ஒண்ணும் பேசாம குழியை மூடிட்டு வர்றாரு. அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியல.

அப்பாகிட்ட லைசென்ஸோட 12 போர் ஒத்தக்குழல் மடக்குத் துப்பாக்கி இருக்கு. கண்ணுல புரை விழுந்ததால அவர் இப்ப சுடறதில்ல. என் பேர்ல அனுமதி கேட்டு எழுதிப் போடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி விஷயத்தைச் சரியாத் தெரிஞ்சுக்கணும்.

யூடியூப்ல அமெரிக்காக்காரங்க கிரவுண்ட்ஹாக்னு ஒரு பிராணியை 200 மீட்டர்ல வச்சுச் சுடறாங்க. 17 எச்எம்ஆர், 223, 22-250ன்னு என்னென்னவோ ரைபிள் கணக்கு. தலையா நெஞ்சான்னு மணிக்கணக்கா பேசறாங்க. அந்த மாதிரி ரைபிள் நமக்குக் கிடைக்குமா? கிடைக்காதுன்னா அப்பாவோட துப்பாக்கியில எந்தத் தோட்டா போடணும், பன்றிக்கு எங்க குறி வைக்கணும்? கூட்டாளி ஒருத்தன் ஆன்லைன்ல ஏர்கன் வாங்கிக்கோன்னு சொல்றான். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கூலிம்காரன்:

தம்பி, நான் கூலிம்ல பிறந்து வளர்ந்தவன், இப்ப இருக்கறது பென்சில்வேனியாவுல. நீங்க பார்த்த பிராணியை எனக்கு நல்லாத் தெரியும். பக்கத்து சோயா வயல்காரர் சுடச் சொல்லிக் கூப்பிடுவார். அதனால அந்த வீடியோவெல்லாம் ஏன் உங்களுக்கு ஒத்து வராதுன்னு மட்டும் சொல்றேன்.

கிரவுண்ட்ஹாக் அணில் குடும்பம். பெருசானாலும் 5, 6 கிலோ. வயல் நடுவுல வளை தோண்டி, வாய்ல எழுந்து நின்னு சுத்தியும் பார்க்கும். ஆளைக் கண்டா உள்ளே போயிடும். அதான் தூரத்திலிருந்து சுடறாங்க. 50, 60 மீட்டருக்குள்ளன்னா சாதாரண .22 போதும். 17 எச்எம்ஆர் 2002ல வந்தது, 100 மீட்டர், கொஞ்சம் மேலேன்னா அது. 200, 300 மீட்டர் புல்வெளின்னா 223, 22-250. 22-250ல குண்டு வினாடிக்கு 1,100 மீட்டர் வேகத்துல போகும். நிமிர்ந்து நிக்கற பிராணிக்கு முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல நெஞ்சு, பக்கவாட்டுல நின்னா முன்னங்காலை ஒட்டி. தலை சின்னது, ஆடிக்கிட்டே இருக்கும். ரைபிளை எதுமேலயாவது சாய்ச்சு வைக்காம நான் தலைக்குக் குறி வைக்கறதில்ல. வயித்துல பட்டா வளைக்குள்ள போய் மணிக்கணக்கா துடிச்சுச் சாகும், நம்மால எடுக்கவும் முடியாது. அதை நினைச்சாலே எனக்கு விரல் விசையை விட்டு வந்துடும்.

அந்தக் குண்டோட தோல் மெல்லிசு. சதையில பட்டதும் சிதறணும்னே செஞ்சது. 5 கிலோ பிராணிக்கு அது சரி. 80 கிலோ பன்றியோட தோள்ல பட்டா மேலேயே வெடிச்சு சதையைக் கிழிக்கும், நெஞ்சுக்கூடு வரைக்கும் போகாது. ரைபிள் உங்க கையில கிடைச்சாக்கூட அது பன்றிக்கான தோட்டா இல்ல. அதோட, .22 ஈயக்குண்டு கல்லுலயோ தண்ணியிலயோ பட்டா தெறிச்சுப் போகும். தடை இல்லாம பறந்தா ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டும். சுத்தி லயத்து வீடும் கம்பத்து (கிராமத்து) வீடும் இருக்கற நம்ம ஊர்ல அதைக் கேட்கவே கேட்காதீங்க.

மத்ததை ஊர்ல இருக்கறவங்க சொல்லட்டும். தோட்டத்துல மேற்பார்வை பார்த்த கண்டக்டர் ஐயா இந்தப் பக்கம் வருவாருன்னு நினைக்கிறேன்.

பழைய கண்டக்டர்:

வந்துவிட்டேன். கூலிம் தம்பி சொன்னது சரியான பேச்சு.

லாசா தம்பி, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் தோட்டக்காரனுக்குக் கிடைப்பது உங்கள் அப்பாவிடம் இருப்பது போன்ற ஷாட்கன்தான். ரைபிளுக்கு மனு எழுதி நாளைக் கழிக்காதீர்கள். இந்த நாட்டில் துப்பாக்கி விஷயம் ஏன் இவ்வளவு இறுக்கம் என்பதற்கு நம் ஊரே சாட்சி. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவசரகாலம் வந்தது. அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்ற காலம் அது. இன்றைக்கும் 1960ஆம் ஆண்டுச் சுடுகருவிச் சட்டத்தில் லைசென்ஸ் இல்லாவிட்டால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டுச் சுடுகருவி (தண்டனை அதிகரிப்பு) சட்டத்தைப் போட்டால் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும். ஏர்கன்னும் சட்டத்தின் கண்ணில் சுடுகருவிதான். ஆன்லைனில் வாங்கச் சொல்லும் கூட்டாளி பேச்சைக் கேட்காதீர்கள். அப்பா பெயரில் இருக்கும் துப்பாக்கியையும் உங்கள் பெயரில் போலீஸ் அனுமதி வரும்வரை வீட்டுக்குள்கூடக் கையில் எடுக்க வேண்டாம். பன்றி சுட வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிலும் கேட்க வேண்டும். அவர்கள் தரும் தாளில் இடம், நேரம் எல்லாம் எழுதியிருக்கும். அந்தத் தாளுக்குள் நின்று செய்யுங்கள்.

இனி தோட்டா. 12 போரில் பன்றிக்கு எஸ்ஜி ரகத் தோட்டா போடுங்கள். ஒரு தோட்டாவுக்குள் 9 ஈயக்குண்டு, ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எல்ஜி இன்னும் பருமன், ஆனால் எண்ணிக்கை குறையும். பிபி, நாலாம் நம்பர் போன்ற பொடிக்குண்டெல்லாம் பறவைக்கும் சிறு பிராணிக்கும். அதைப் பன்றி மேல் போடுவது பாவம், தோலில் தங்கிச் சீழ் பிடித்து நாள்கணக்கில் அலையும்.

எல்லாரும் என்னிடம் எந்த நம்பர் தோட்டா என்றுதான் கேட்கிறார்கள். தூரத்தை யாரும் கேட்பதில்லை. காயம்பட்டு ஓடும் பன்றியில் பாதிக்கு மேல் தூரத்தால் வந்த வினை என்பேன். எஸ்ஜிக்கு என் எல்லை 25 மீட்டர். அதை இருட்டில் எப்படி அளப்பது? செம்பனையே அளந்து தரும். வரிசையில் மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர், உங்கள் மறுநடவும் அதே கணக்கில்தான் இருக்கும். உட்காரும் இடத்திலிருந்து இரண்டாவது கன்று 18, மூன்றாவது 27. மூன்றாவது கன்றருகிலோ அதற்கு அப்பாலோ நிற்கும் பன்றி உங்கள் பன்றி இல்லை, விட்டுவிடுங்கள். பகலிலேயே மூன்றாவது கன்றுக்கு இரண்டு மீட்டர் இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் குச்சி நட்டு வையுங்கள்.

அப்பாவின் துப்பாக்கி ஒத்தக்குழல் என்கிறீர்கள். பழைய ஒத்தக்குழலில் பெரும்பாலும் வாய் இறுக்கம், ஃபுல் சோக்காக இருக்கும். சில குழல் எஸ்ஜியை அழகாகச் சேர்த்துப் போடும், சில குழல் தாறுமாறாக வீசும். சுட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. அனுமதியுள்ள சுடுதளத்துக்குப் போய், ஐஸ்பெட்டி வந்த பெரிய அட்டையை 20 மீட்டரில் நிறுத்தி, நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம் போட்டுச் சுடுங்கள். பன்றியின் நெஞ்சில் உயிர்நிலை அந்தத் தட்டளவுதான். ஐந்து, ஆறு குண்டாவது வட்டத்துக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் 15 மீட்டருக்கு வாருங்கள். எந்தத் தூரத்தில் விழுகிறதோ அதுதான் அந்தத் துப்பாக்கியின் எல்லை.

நெடுநாள் சுடாத துப்பாக்கி என்பதால் இன்னொன்று. அப்பாவே மடக்கித் திறந்து, வெளிச்சத்துக்கு நேராகக் குழலுக்குள் பார்க்க வேண்டும். நம் ஊர்க் குளவி குழலுக்குள் மண்ணை அடைத்துக் கூடு கட்டிவிடும். கம்பியில் துணி சுற்றி இழுத்தால் செம்மண் பொடியும் காய்ந்த புழுத்தோலும் கொட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படியே சுட்டிருந்தால் குழல் பிளந்து இடது கை போயிருக்கும். அப்பாவின் பழைய தோட்டாக்களையும் பாருங்கள். பித்தளைப் பாகத்தில் பச்சை பூத்திருந்தாலோ உடல் ஊதியிருந்தாலோ போடாதீர்கள். குப்பையில் எறியவும் வேண்டாம், லைசென்ஸ் பார்க்கும் போலீஸ் நிலையத்தில் கேட்டு ஒப்படையுங்கள்.

குறி. இதைப் பொறுமையாகப் படியுங்கள். மானுக்குச் சொல்லும் “தோளுக்குப் பின்னால்” என்பது பன்றிக்கு ஒத்துவராது. பன்றிக்கு இதயம் முன்னாலும் தாழ்வாகவும் இருக்கிறது, முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின் ஓரத்தை ஒட்டி மேலே வாருங்கள். உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அங்கே பட்டால் இதயம், கொஞ்சம் மேலே போனாலும் நுரையீரல். ஒரு சாண் பின்னால் போனால் குடல். கழுத்துக்குப் பின்னால் புடைத்து நிற்கும் மேடு முதுகெலும்பு இல்லை. அது எலும்பு முள்ளும் மயிரும் சதையும். அங்கே பட்டால் பன்றி பொத்தென்று விழும், நீங்கள் பரணிலிருந்து இறங்குவதற்குள் எழுந்து போய்விடும். கிழட்டுக் கடுவனுக்கு (ஆண் பன்றி) தோளின் மேல் விரல் தடிமனுக்குக் கவசம் போலக் கெட்டியான தோல்கட்டு வேறு. எஸ்ஜி குண்டு 25 மீட்டருக்கு மேல் அதில் திணறும்.

நேருக்கு நேர் பார்த்து நிற்கும் பன்றியைச் சுடாதீர்கள். ஓடும் பன்றியையும். சற்றே திரும்பி அப்பால் போகிறது என்றால் அந்தப் பக்கத்து முன்னங்காலை நினைத்துக் குண்டு உடம்புக்குள் குறுக்கே போகிற மாதிரி வைக்க வேண்டும். புதிதாகச் சுடுபவர் அதையும் விட்டு, பக்கவாட்டில் வரும்வரை காத்திருப்பதே நல்லது. குருத்துத் தின்னும் பன்றி ஒரே இடத்தில் நிதானமாக நிற்கும், கட்டாயம் திரும்பும். வரிவரியாய்க் குட்டிகளோடு வரும் தாயைச் சுட வேண்டாம். இது சட்டம் என்று சொல்லவில்லை, என் வேண்டுகோள். அந்த வரிக்குட்டி விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: நீள மூக்கோடு இருக்கும் தாப்பிர் என்ற காட்டு விலங்கின் குட்டிக்கும் உடம்பில் வெள்ளை வரியும் புள்ளியும் இருக்கும். தாப்பிர் முழுப் பாதுகாப்பில் உள்ள விலங்கு. லாசாப் பக்கம் காடு ஒட்டியே கிடப்பதால் அது கன்றுக்காட்டுக்குள் இறங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

விளக்கடித்துப் பார்ப்பவர்கள் கண் மின்னுவதை வைத்து முடிவு செய்வார்கள். பன்றிக்குக் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் படலம் கிடையாது. மாட்டுக்கு, மானுக்கு, நாய்க்கு, புனுகுப்பூனைக்கு உண்டு. பளீரென்று இரண்டு கண் எரிந்தால் அது பன்றி இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் அவிழ்த்துவிட்ட மாடு எத்தனை பேருக்கு வழக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறது!

இதையெல்லாம் விட எனக்கு முக்கியம் மனுஷன். உதிரிப் பழம் பொறுக்குகிறவர் குனிந்து, முதுகில் சாக்கோடு, மட்டை மறைவில் நகர்ந்து போவதைப் பின்னாலிருந்து பாருங்கள். விடியும் முன் மங்கலில் கறுப்பாய், தாழ்வாய், மெதுவாய் அசையும் உருவம். பன்றி என்று நினைத்துச் சுட்டு ஆள் செத்த செய்தியை நம் பத்திரிகைகளில் எத்தனை முறை படித்தாகிவிட்டது. பங்களாதேஷிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் நேரம் காலம் பார்க்காமல் தோட்டத்தில் நடக்கிறார்கள், யாரும் அவர்களிடம் சொல்லி வைப்பதில்லை. எனவே சுடப் போகும் நாளில் பக்கத்துத் தோட்டத்தில் வேலையாட்களைக் கண்காணிக்கும் மண்டோரிடமும் அவருடைய ஆட்களிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். போனில் தகவல் தட்டிவிட்டால் போதாது. தலை, உடல், கால் மூன்றும் தெளிவாகத் தெரியாமல் விசையில் விரல் வைக்கக்கூடாது. அசைவைச் சுடக்கூடாது, சத்தத்தைச் சுடவே கூடாது.

எஸ்ஜி குண்டு 25 மீட்டரில் நின்றுவிடாது. தவறிய குண்டு அரைக் கிலோமீட்டரைத் தாண்டியும் போகும். அதனால்தான் தரையில் உட்காராமல் பரண் கட்டச் சொல்கிறேன். ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு போதும். மேலிருந்து கீழே சுட்டால் தவறியது மண்ணுக்குள் போகும். பரணில் ஏறும்போது துப்பாக்கி மடக்கித் திறந்தபடி, தோட்டா சட்டைப்பையில். உட்கார்ந்த பிறகுதான் போட வேண்டும். மேலிருந்து பார்ப்பதால் நான் சொன்ன இடத்தைவிடக் குறி இரண்டு விரல் மேலே வரட்டும், குண்டு சாய்வாக உள்ளே இறங்கும்.

ஜாலோங் அக்கா:

கண்டக்டர் ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனா தம்பி, சுடறதுக்கு முன்னாடி வேலி போட்டுப் பாருங்கப்பா. எங்க நாலு ஏக்கரும் மறுநடவுதான். ஒண்ணு ரெண்டைச் சுட்டாலும் மத்தது வந்துக்கிட்டேதான் இருக்கு. காரணமும் இருக்கு. சாய்ச்ச பழைய தண்டு அழுகுதுல்ல, அதுல வண்டுப் புழு கொழுத்துக் கிடக்கும். பன்றி அதைக் கிளறத்தான் முதல்ல வருது, வந்த இடத்துல கன்னையும் பார்க்குது. தண்டைக் குவியலா விடாம மெல்லிசா சீவிப் பரப்பினா சீக்கிரம் மக்கிடும்.

நாங்க சோலார்ல ஓடற வேலிதான் போட்டோம். கம்பி ரெண்டே வரி: தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துல ஒண்ணு, முழங்கால்கிட்ட ஒண்ணு. பன்றி மூக்காலதான் எதையும் தொட்டுப் பார்க்கும், அந்த ஈர மூக்குல ஒரு அடி வாங்கினா அந்தப் பக்கம் திரும்பாது. அதுக்குன்னே விக்கற பெட்டி வாங்கணும், விட்டு விட்டுத் துடிப்பா மின்சாரம் விடற பெட்டி. வீட்டு லைனை நேரா கம்பியில இழுத்து விட்டுடாதீங்க, பன்றிக்கு வச்சது பிள்ளைகளைக் கொன்னுடும். வேலைன்னு பார்த்தா புல்லுதான். மூடுபயிர்க் கொடி கம்பியில ஏறிச்சுன்னா கரண்ட் மண்ணுல இறங்கிடும். நான் வாரா வாரம் பாராங்கத்தியோட ஒரு சுத்து வருவேன். காசு பத்தலன்னா கன்னு கன்னுக்குக் கம்பி வலையைச் சுத்திக் குச்சி அடிச்சு வைங்க, மேல வளர்ற வரைக்கும் தாங்கும்.

சுருக்குக் கம்பி மட்டும் யார் சொன்னாலும் வைக்காதீங்க. சட்டப்படி குத்தம். காட்டு ஓரத்துல அதுல புலியும் மாட்டும். நாடு முழுக்க 150 புலிகூட இல்லைன்னு கணக்கெடுத்துச் சொல்லிட்டாங்க.

லாசா ரோடு பையன்:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, உங்க பதிலை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். குளவிக் கூடுன்னதும் எழுந்து போய்க் குழலைத் திறந்து பார்த்துட்டு வந்தாரு. முதல்ல அக்கா சொன்ன வேலி, அதோட போலீஸ்லயும் பெர்ஹிலித்தான்லயும் மனு, ரெண்டையும் ஆரம்பிக்கிறோம்.

இன்னும் ரெண்டு கேள்வி. பட்டு ஓடிடுச்சுன்னா என்ன செய்யணும்? அப்புறம், ஓடை ஓரத்துல காயமே இல்லாம ஒரு பன்றி செத்துக் கிடக்கு. சாப்பிடலாமான்னு சிலர் கேட்கறாங்க.

பழைய கண்டக்டர்:

செத்துக் கிடப்பதைத் தொடவே வேண்டாம். 2021இலிருந்து நம் நாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இருக்கிறது. முதலில் சபா, அந்த ஆண்டு முடிவதற்குள் தீபகற்பத்துக்கும் வந்தது. மனுஷனைத் தொற்றாது, ஆனால் பன்றிக்கு எமன். வளர்ப்புப் பன்றிக்குள் புகுந்தால் பண்ணையே போகும். மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கு இன்றைக்கே போன் செய்து இடத்தைச் சொல்லுங்கள். கேட்கிறவர்களிடம் கறி கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அந்த ஓடைப் பக்கம் போய் வந்த பூட்ஸைக் கழுவாமல் பன்றி வளர்ப்பவர் வீட்டுக்கு யாரும் போகக்கூடாது.

பட்டு ஓடினால் உடனே இறங்கித் துரத்தாதீர்கள். பரணிலேயே அரை மணி உட்காருங்கள். துரத்தாத பன்றி கிட்டத்திலேயே படுத்துவிடும், துரத்தினால் மலையேறும். பிறகு அது நின்ற இடத்தில் ரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாய் நுரை கட்டியிருந்தால் நுரையீரல், அதிக தூரம் போயிருக்காது. கறுஞ்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் ஒரு மணி பொறுங்கள். பச்சையாய், நாற்றமாய் இருந்தால் குடல். அன்றிரவு போகாமல் விடிந்தபின் ஆள் துணையோடு போங்கள். தனியாகப் போகவே கூடாது. காயம்பட்ட கடுவன் புதருக்குள் வந்த வழியைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கும், அதன் கோரைப்பல் சரியாக நம் தொடை உயரத்தில் வேலை செய்யும். தொடை ரத்தக்குழாய் அறுந்தால் லாசாவிலிருந்து சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் காரியம் மிஞ்சிவிடும். இறுக்கிக் கட்ட அகலமான துணியும் ஒரு குச்சியும் பையில் இருக்கட்டும். கூட வருகிறவருக்கு அதைக் கட்டத் தெரியுமா என்று புறப்படுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதி வந்ததும் எழுதுங்கள். அட்டையில் சுட்டதைப் படம் எடுத்துப் போட்டால் சோக்கைப் பற்றிப் பேசலாம்.